டவுன் நோய்த்தொகை ஆய்வுக்கான மாரத்தான் நிதி திரட்டல்

டவுன் நோய்த்தொகை ஆய்வுக்கான மாரத்தான் நிதி திரட்டல் என்பது, 42.195 கிலோமீட்டர் நீளமுள்ள மாரத்தான் ஓட்டத்தில் பங்குகொள்ளும் ஒருவர் தம் உறவினர், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடம் நன்கொடை பெற்று, அதனை டவுன் நோய்த்தொகை பற்றிய அறிவியல் ஆய்வுக்கு வழங்கும் முறையாகும். ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளில் 1980களில் வளர்ச்சி பெற்ற தொண்டு ஓட்டங்களின் ஒரு பிரிவாக இது கருதப்படுகின்றது. இவ்வாறு ஓடுபவர்களுள் பலர் டவுன் நோய்த்தொகையுடன் பிறந்த குழந்தைகளின் பெற்றோர், உடன்பிறந்தோர் அல்லது ஆசிரியர்கள் ஆவர். பின்னர் டவுன் நோய்த்தொகை உள்ளவர்களே முழு மாரத்தான் தொலைவை ஓடி முடித்து வருகின்றனர்.

இம்முறையில் திரளும் தொகை, அரசுகள் மருத்துவ ஆய்வுக்கு ஒதுக்கும் தொகையுடன் ஒப்பிடுகையில் மிகச் சிறியது. எனினும், பெரிய நல்கைகளைப் பெறும் நிலையை இன்னும் எட்டாத தொடக்கநிலை ஆய்வுகளுக்கு இத்தகைய சிறு தொகைகள் உதவுவதால் இது முக்கியத்துவம் பெறுகின்றது.

டவுன் நோய்த்தொகை

மனித உயிரணு ஒவ்வொன்றிலும் பொதுவாக 23 இணைகளாக 46 நிறப்புரிகள் உள்ளன. இவை குரோமோசோம்கள் என்றும் அழைக்கப்படும். 21 ஆம் நிறப்புரி இரண்டுக்குப் பதிலாக மூன்று படிகளாக இருக்கும் நிலையே டவுன் நோய்த்தொகை ஆகும். இந்நிலை உள்ளவர்களுள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரின் எல்லா உயிரணுக்களிலும் ஒரு முழு நிறப்புரி கூடுதலாகக் காணப்படும். எஞ்சியோரில் சிலருக்கு அது வேறொரு நிறப்புரியுடன் ஒட்டியிருக்கும். வேறு சிலருக்கு உடலின் ஒரு பகுதி உயிரணுக்களில் மட்டும் கூடுதல் படி இருக்கும். ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகின்றது. தாயின் வயது கூடும்போது இதற்கான வாய்ப்பும் கூடுகின்றது.

ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866 ஆம் ஆண்டில் இந்நிலையின் புறக்கூறுகளை விவரித்தார். அவருடைய பெயராலேயே இது வழங்கப்படுகின்றது. இதற்குக் காரணம் கூடுதலான ஒரு நிறப்புரியே என்பதைப் பிரான்சைச் சேர்ந்த ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பான் ஆகியோர் 1959 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உயிரணு வளர்ப்பு முறையை அந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த கோத்தியேயின் பங்களிப்பு நெடுங்காலம் உரிய முறையில் அறியப்படாமல் இருந்தது.

"நோய்த்தொகை" என்ற சொல் வழங்கினும் இது தொற்றும் நோயன்று. மருந்தால் நீக்கத்தக்க நோயுமன்று. இது ஒருவரின் பிறவி அமைப்பு ஆகும். கற்றலிலும் பேச்சிலும் தாமதம், தசைகளின் தளர்வு ஆகியன பொதுவானவை. ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு காணப்படும். தைராய்டுச் சுரப்பிக் குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியனவும் பொது மக்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. குழந்தைப் பருவத்தில் வெண்குருதிப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பும் மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு மிகுதி. ஆனால் கட்டிகளாக வளரும் புற்றுநோய்கள் பலவும் இவர்களிடம் குறைவாகவே தோன்றுகின்றன.

ஆய்வின் தேவை

டவுன் நோய்த்தொகை உள்ளவர்களின் வாழ்நாள் கடந்த அரை நூற்றாண்டில் பெரிதும் உயர்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் இறப்புப் பதிவுகளின்படி, இவர்கள் இறக்கும் இடைநிலை வயது 1983 ஆம் ஆண்டில் 25 ஆக இருந்தது. 1997 ஆம் ஆண்டில் அது 49 ஆனது. தற்போது பலர் 60 வயதைக் கடந்தும் வாழ்கின்றனர். கூடுதல் நிறப்புரியை நீக்கும் வழி எதுவும் கண்டறியப்பட்டதால் இம்மாற்றம் ஏற்படவில்லை. குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சை முன்னேறியதும், அச்சிகிச்சை டவுன் நோய்த்தொகை உள்ள குழந்தைகளுக்கும் மறுக்கப்படாமல் வழங்கப்பட்டதும், காப்பகங்களில் ஒதுக்கி வைக்கப்பட்ட குழந்தைகள் வீடுகளில் வளரத் தொடங்கியதும் இதற்கு முதன்மைக் காரணங்கள் ஆகும்.

நீண்ட வாழ்நாள் புதியதொரு சிக்கலை வெளிக்கொணர்ந்தது. அமிலாய்டு என்னும் புரதத்தின் முன்னோடியை உருவாக்கும் மரபணு 21 ஆம் நிறப்புரியிலேயே உள்ளது. மூன்று படிகள் இருப்பதால் அப்புரதம் மூளையில் மிகுதியாகப் படிகின்றது. 40 வயதை எட்டும்போது டவுன் நோய்த்தொகை உள்ள ஏறத்தாழ அனைவரின் மூளையிலும் ஆல்சைமர் நோய்க்குரிய படிவுகள் காணப்படுகின்றன. வாழ்நாளில் இவர்களுக்கு மறதி நோய் ஏற்படும் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கும் மேல் என மதிப்பிடப்படுகின்றது. முன்பு "மகனுக்கு எவ்வளவு வயது வரை ஆயுள்?" என்று கேட்ட பெற்றோர், இன்று "எங்களுக்குப் பின், அவன் எங்களையே மறந்துபோகும் காலத்தில், அவனைப் பார்ப்பவர் யார்?" என்று கேட்கும் நிலையில் உள்ளனர்.

இவ்வாறு இருந்தும், ஆல்சைமர் நோய்க்கான மருந்துச் சோதனைகளில் இவர்கள் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டில் முழு ஒப்புதல் பெற்ற லெகானெமாப் மருந்தின் முதன்மைச் சோதனைகளிலும் டவுன் நோய்த்தொகை உள்ளவர்கள் இடம்பெறவில்லை. இதனால் அம்மருந்து இவர்களுக்குப் பயன்படுமா, தீங்கு தருமா என்பதைத் தனியாக ஆராய வேண்டியதாயிற்று. இத்தகைய இடைவெளிகளை நிரப்புவதே ஆய்வு நிதி திரட்டுவோரின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகும்.

வரலாறு

தொண்டு ஓட்டங்களின் தோற்றம்

தற்கால மாரத்தான் 1896 ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக் போட்டியில் தொடங்கியது. தொடக்கத்தில் இது தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு உரியதாகவே இருந்தது. 1970களில் மேலை நாடுகளில் பொது மக்களிடையே ஓட்டப் பயிற்சி பரவியபோது, ஆயிரக்கணக்கானோர் பங்குகொள்ளும் நகர மாரத்தான்கள் தோன்றின.

நெடுந்தொலைவு ஓட்டத்தையும் மருத்துவ ஆய்வு நிதியையும் மக்கள் மனத்தில் இணைத்த நிகழ்வாகக் கனடாவின் டெரி பாக்சு மேற்கொண்ட ஓட்டம் குறிப்பிடப்படுகின்றது. எலும்புப் புற்றுநோயால் வலக் காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12 ஆம் நாள் நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்சு நகரில் இருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மாரத்தான் தொலைவை அவர் கடந்தார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் என்பது அவருடைய இலக்கு. 1981 பெப்ரவரிக்குள் 2.4 கோடி கனடிய டாலர் சேர்ந்து அவ்விலக்கு நிறைவேறியது. அவர் அதே ஆண்டு சூன் 28 ஆம் நாள் காலமானார்.

நிறுவனமயமாதல்

தனி மனிதர்களின் முயற்சியாக இருந்த நிதி திரட்டல் 1980களின் இறுதியில் ஒழுங்கமைக்கப்பட்ட முறையாக மாறியது. 1988 ஆம் ஆண்டில் புரூசு கிளீலண்டு என்பவர், வெண்குருதிப் புற்றுநோயில் இருந்து மீண்ட தம் மகளை முன்னிட்டு 38 பேர் கொண்ட குழுவை நியூயார்க் மாரத்தானில் ஓடச் செய்தார். அக்குழு அமெரிக்க வெண்குருதிப் புற்றுநோய்க் கழகத்துக்காக 3,22,000 டாலர் திரட்டியது. "டீம் இன் டிரெயினிங்" என்ற பெயரில் அது நிலையான திட்டமாயிற்று. ஓட்டக்காரருக்குப் பயிற்சியாளர், பயிற்சி அட்டவணை, பயண ஏற்பாடு ஆகியவற்றைத் தொண்டு நிறுவனம் அளிக்கும். ஓட்டக்காரர் குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவார் என்பதே இதன் அடிப்படை. பின்வந்த திட்டங்கள் பலவும் இதனையே முன்மாதிரியாகக் கொண்டன.

தகுதி நேரத்தை எட்டியவர்களுக்கே பெரும்பாலும் இடமளிக்கும் பாஸ்டன் மாரத்தானில், 1989 ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லீரல் அறக்கட்டளை அதிகாரப்பூர்வ இடங்களைப் பெற்ற முதல் தொண்டு நிறுவனமாயிற்று. கிறிசு பிராசர், ஜான் டிசுலி ஆகியோரால் தொடங்கப்பட்டு 1981 மார்ச் 29 ஆம் நாள் முதன்முறையாக நடைபெற்ற இலண்டன் மாரத்தான், 1993 ஆம் ஆண்டில் "தங்கப் பத்திரம்" என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தியது. இதன்படி தொண்டு நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி உறுதி செய்யப்பட்ட இடங்களைப் பெறலாம். இலண்டன் மாரத்தான் ஓட்டக்காரர்கள் திரட்டிய மொத்தத் தொகை 2019 ஆம் ஆண்டில் 100 கோடி பவுண்டுகளைக் கடந்தது. 2025 ஆம் ஆண்டு ஓட்டத்தில் மட்டும் 8.73 கோடி பவுண்டுகள் திரட்டப்பட்டன. இந்தியாவில் 2004 ஆம் ஆண்டில் தொடங்கிய மும்பை மாரத்தானும் பல தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டும் களமாக விளங்குகின்றது.

டவுன் நோய்த்தொகை அமைப்புகள்

டவுன் நோய்த்தொகைக்காக நிதி திரட்டும் அமைப்புகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

1. ஆதரவு அமைப்புகள்: குடும்பங்களுக்குத் தகவல், கல்வி, பேச்சுப் பயிற்சி, வேலைவாய்ப்பு உதவி ஆகியவற்றை வழங்குபவை. ரெக்சு பிரிங்க்வர்த் 1970 ஆம் ஆண்டில் பர்மிங்காமில் நிறுவிய அமைப்பில் இருந்து வளர்ந்த ஐக்கிய இராச்சியத்தின் டவுன் நோய்த்தொகைச் சங்கமும், இலினாய் மாநிலத்தில் 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய ஜிஜிசு பிளேஹவுசு என்ற இலவசப் பயிற்சி மையங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்காக ஆண்டுதோறும் பலர் மாரத்தான் ஓடுகின்றனர்.

2. ஆய்வு அமைப்புகள்: அறிவியலாளர்களுக்கு நல்கை வழங்குபவை. ஐக்கிய அமெரிக்காவில் 2004 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, பின்னர் லூமைண்டு என்று பெயர் மாறிய அறக்கட்டளையும், ஜெரோம் லெஜூனின் மறைவுக்குப் பின் 1995 ஆம் ஆண்டில் பாரிசில் நிறுவப்பட்ட லெஜூன் அறக்கட்டளையும், கொலராடோவில் 2009 ஆம் ஆண்டில் உருவான உலகளாவிய டவுன் நோய்த்தொகை அறக்கட்டளையும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

நன்கொடையாளர் பலருக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை. "டவுன் நோய்த்தொகைக்காக ஓடுகிறேன்" என்று ஒருவர் கூறும்போது, அத்தொகை ஆய்வகத்துக்குச் செல்கின்றதா, பேச்சுப் பயிற்சி வகுப்புக்குச் செல்கின்றதா என்பது அவர் தெரிவு செய்த அமைப்பைப் பொறுத்தது. இரண்டும் தேவையானவை என்றாலும் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஓட்டத்தைவிட எளிய நடைப் பயணங்களும் இத்துறையில் பரவலாக உள்ளன. அமெரிக்கத் தேசிய டவுன் நோய்த்தொகைக் கழகம் 1995 ஆம் ஆண்டில் தொடங்கிய "பட்டி வாக்" என்னும் தோழமை நடை இவற்றுள் புகழ்பெற்றது. 21 ஆம் நிறப்புரியின் மூன்று படிகளைக் குறிக்கும் வகையில் மார்ச் 21 உலக டவுன் நோய்த்தொகை நாளாகக் கொண்டாடப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் அவை 2012 ஆம் ஆண்டு முதல் இதனைக் கடைப்பிடிக்கின்றது. அந்நாளையொட்டி 3.21 மைல் தொலைவு கொண்ட சிறு ஓட்டங்களும் நடத்தப்படுகின்றன.

செயற்படும் முறை

பெரிய மாரத்தான்களில் இடம் கிடைப்பது அரிது. 2025 ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானுக்கான குலுக்கலில் 8,40,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஓட்டத்தை முடித்தவர்கள் 56,640 பேர் மட்டுமே. இந்தப் பற்றாக்குறையே தொண்டு இடங்களுக்கு மதிப்பை அளிக்கின்றது. பொதுவாக இம்முறை பின்வரும் படிகளைக் கொண்டது.

முதலில், தொண்டு நிறுவனம் ஓட்ட அமைப்பாளரிடம் இருந்து சில இடங்களைக் கட்டணம் செலுத்திப் பெறுகின்றது. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான இடங்களைப் பெறுவதுண்டு. சிறிய அமைப்புகளுக்கு ஒரு சில இடங்களே கிடைக்கும்.

அடுத்து, ஓட்டக்காரர் அந்நிறுவனத்திடம் விண்ணப்பித்து, குறைந்தது இவ்வளவு தொகை திரட்டுவதாக உறுதி அளிக்கின்றார். அமெரிக்காவின் பெரிய ஓட்டங்களில் இது பல ஆயிரம் டாலராக இருக்கும். உறுதி அளித்த தொகை சேராவிடின், எஞ்சியதை ஓட்டக்காரரே தம் கடன் அட்டையில் இருந்து செலுத்த வேண்டும் என்ற விதியும் பல திட்டங்களில் உண்டு.

பின்னர், 16 முதல் 20 வாரங்கள் வரை நீளும் பயிற்சியும் நிதி திரட்டலும் ஒருங்கே நடைபெறுகின்றன. முற்காலத்தில் ஓட்டக்காரர்கள் அச்சிட்ட படிவத்தை அலுவலகத்திலும் அண்டை வீடுகளிலும் சுற்றுக்கு விட்டு, பெயரும் தொகையும் எழுதி வாங்கினர். ஓட்டம் முடிந்த பின் மீண்டும் வீடு வீடாகச் சென்று பணத்தைப் பெற வேண்டியிருந்தது. 2000களில் இணையவழி நன்கொடைப் பக்கங்கள் வந்த பின்னர், பணம் முன்கூட்டியே நேரடியாக நிறுவனத்தின் கணக்கில் சேரலாயிற்று.

ஐக்கிய இராச்சியத்தில் வருமான வரி செலுத்தும் ஒருவர் அளிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கூடுதலாக 25 பென்சை அரசிடம் இருந்து தொண்டு நிறுவனம் பெறலாம். அதாவது 100 பவுண்டு நன்கொடை 125 பவுண்டாகும். ஐக்கிய அமெரிக்காவில் நன்கொடையாளருக்கு வரிக் கழிவு பெறும் வாய்ப்பு உண்டு.

திரட்டிய தொகை செல்லும் வழி

அரசு நல்கை கோரும் ஓர் ஆய்வாளர், தம் கருதுகோள் பலனளிக்கக்கூடியது என்பதற்குத் தொடக்கச் சான்றுகளைக் காட்ட வேண்டும். ஆனால் அச்சான்றுகளைப் பெறுவதற்கே உயிரணு வளர்ப்பு, ஆய்வு எலிகள், உதவியாளர் ஊதியம் ஆகியவற்றுக்குப் பணம் தேவை. இந்த இடைவெளியை நிரப்பும் சிறு தொகை "விதை நிதி" எனப்படுகின்றது. பெற்றோர் அமைப்புகள் வழங்கும் நல்கைகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ஆராய்ச்சியாளர் ஒருவர் விதை நிதியில் பெற்ற முடிவுகளைக் கொண்டு அதனினும் பல மடங்கு பெரிய அரசு நல்கையைப் பெற இயலும்.

இத்துறையின் அறிவியல் அடித்தளம் படிப்படியாக அமைந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், மனிதரின் 21 ஆம் நிறப்புரிக்கு நிகரான மரபணுக்களில் பலவற்றை மூன்று படிகளாகக் கொண்ட எலி வகை உருவாக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் 21 ஆம் நிறப்புரியின் மரபணு வரிசை வெளியிடப்பட்டது. அதில் அப்போது 225 மரபணுக்கள் இனங்காணப்பட்டன. 2013 ஆம் ஆண்டில் மாசசூசெட்சு பல்கலைக்கழகத்தின் ஜீன் லாரன்சு தலைமையிலான குழுவினர், ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் கூடுதல் நிறப்புரியைச் செயலிழக்கச் செய்து காட்டினர். இது மனிதருக்கான சிகிச்சையன்று. எனினும், எந்த விளைவு எந்த மரபணுவால் ஏற்படுகின்றது என்பதை ஆராய்வதற்கு இது புதிய வழியைத் திறந்தது.

எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. கற்றலையும் நினைவாற்றலையும் மேம்படுத்தும் என எதிர்பார்க்கப்பட்ட பாசுமிசானில் என்ற மருந்தை ரோச் நிறுவனம் டவுன் நோய்த்தொகை உள்ளவர்களிடம் சோதித்தது. எலிகளில் கிடைத்த முடிவுகளால் தோன்றிய அந்நம்பிக்கை மனிதரிடம் நிறைவேறாததால், 2016 ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆய்வுக்காக நன்கொடை அளிப்பவர் இத்தகைய தோல்விகளுக்கும் சேர்த்தே அளிக்கின்றார் என்பதை அமைப்புகள் சுட்டிக்காட்டுவதுண்டு.

நிதியைப் போன்றே கவன ஈர்ப்பும் பயன் தந்துள்ளது. 2017 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் டவுன் நோய்த்தொகை உள்ள பிராங்க் இசுடீபன்சு சான்றளித்தார். தம்மைப் போன்றோரின் வாழ்வு வாழத்தக்கது என்பதை வலியுறுத்திய அவர், ஆய்வுக்கு நிதி ஒதுக்குமாறு வேண்டினார். அடுத்த ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் "இன்க்ளூடு" என்ற சிறப்பு ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கின. அதன் பின்னர் இத்துறைக்கான அரசு நிதி கணிசமாக உயர்ந்தது.

மாரத்தானைத் தெரிவு செய்வதற்கான காரணங்கள்

பணம் திரட்டுவதற்கு ஒருவர் ஏன் 42 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்ற வினா இயல்பானது. ஒருவர் தாம் ஓடாமலேயே நன்கொடை கேட்கலாம். ஆயினும் துன்பமும் முயற்சியும் கலந்த செயலுக்கு மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகின்றனர் என்பதை உளவியலாளர்களான கிறிசுடோபர் ஒலிவோலா, எல்டார் சபீர் ஆகியோர் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எளிய விருந்து நிகழ்ச்சியைவிடக் கடினமான ஓட்டத்துக்கு மிகுந்த தொகை அளிக்க அவர்களின் சோதனைகளில் பங்கேற்றோர் முன்வந்தனர். இதனை அவர்கள் "தியாக விளைவு" என்ற பொருள்படும் பெயரால் குறித்தனர்.

பயிற்சிக் காலம் நீண்டது என்பதும் ஒரு காரணமாகும். அதிகாலையில் எழுந்து மாதக்கணக்கில் ஓடும் ஒருவரை அவருடைய சுற்றத்தார் காண்கின்றனர். அவர் ஏன் ஓடுகின்றார் என்று வினவுகின்றனர். அவ்வினாவே டவுன் நோய்த்தொகை பற்றிய உரையாடலுக்கு வழிவகுக்கின்றது. குழந்தை பிறந்தவுடன் மருத்துவரிடம் இச்செய்தியைக் கேட்டுச் செயலற்று நின்ற பெற்றோர்க்கு, தாமும் ஒன்றைச் செய்ய இயலும் என்ற உணர்வை இப்பயிற்சி தருகின்றது.

டவுன் நோய்த்தொகை உள்ள ஓட்டக்காரர்கள்

தொடக்கத்தில் இவர்களுக்காகப் பிறர் ஓடினர். பின்னர் இவர்களே ஓடத் தொடங்கினர். 1968 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிறப்பு ஒலிம்பிக் இதற்கு அடித்தளம் இட்டது.

2013 நவம்பரில் லாசு ஏஞ்சலிசைச் சேர்ந்த ஜிம்மி ஜென்சன் தம் 48 ஆம் வயதில் நியூயார்க் மாரத்தானை நிறைவு செய்தார். அவ்வோட்டத்தை முடித்த டவுன் நோய்த்தொகை உள்ள முதல் நபர் அவரே. 2022 ஆம் ஆண்டில் டெக்சாசைச் சேர்ந்த கேலி வில்லியம்சன் அதே ஓட்டத்தை முடித்த முதல் பெண்ணானார்.

புளோரிடாவைச் சேர்ந்த கிறிசு நிக்கிக் 2020 நவம்பர் 7 ஆம் நாள் பனாமா சிட்டி பீச்சு என்ற இடத்தில் "அயர்ன்மேன்" முப்போட்டியை முடித்தார். 3.86 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணம், அதனை அடுத்து முழு மாரத்தான் ஆகியவற்றைக் கொண்ட இப்போட்டியை 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவர் 16 மணி 46 நிமிடம் 9 நொடிகளில் முடித்து, இதனை நிறைவேற்றிய டவுன் நோய்த்தொகை உள்ள முதல் மனிதரானார். நாள்தோறும் 1 விழுக்காடு முன்னேற வேண்டும் என்பதே அவருடைய பயிற்சி நெறி. 2021 ஆம் ஆண்டில் பாஸ்டன், நியூயார்க் ஆகிய மாரத்தான்களையும் அவர் ஓடி முடித்தார். நிக்கிக்குக்குப் பிறந்த ஐந்தாம் மாதத்தில் இதய அறுவை சிகிச்சை செய்யப்பட்டிருந்தது. முந்தைய தலைமுறையில் இத்தகைய குழந்தைகள் பலருக்கு அச்சிகிச்சை கிடைத்ததில்லை. மருத்துவ ஆய்வின் பயனை விளக்குவதற்கு அவருடைய வாழ்வு எடுத்துக்காட்டாக அமைகின்றது.

மருத்துவக் கவனிப்புகள்

டவுன் நோய்த்தொகை உள்ளவர்கள் நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சியைத் தொடங்கும் முன் சிறப்பு மருத்துவச் சோதனை தேவைப்படுகின்றது. அவர்களுள் சிலருக்குக் கழுத்தின் முதல் இரு முள்ளெலும்புகளுக்கு இடையேயான இணைப்பு தளர்ந்திருக்கும். இதயக் குறைபாடு அல்லது முந்தைய அறுவை சிகிச்சையின் விளைவுகளையும் ஆராய வேண்டும். உடலுழைப்பின்போது இவர்களுடைய இதயத் துடிப்பு மற்றவர்களைப் போல் உயர்வதில்லை. ஆகவே பொதுவான துடிப்பு அட்டவணைகளைக் கொண்டு இவர்களுக்குப் பயிற்சி அளிப்பது பொருந்தாது. தசைத் தளர்வு, மூட்டுகளின் மிகு நெகிழ்வு ஆகியவற்றால் காலணித் தெரிவிலும் கவனம் தேவை. பெரும்பாலோர் வழித்துணை ஓட்டக்காரர் ஒருவருடன் ஓடுகின்றனர்.

விமர்சனங்கள்

இம்முறை குறித்துப் பல விமர்சனங்கள் முன்வைக்கப்படுகின்றன.

* நிதி, நோயின் தேவையைப் பொறுத்தன்றி, ஓட்டக்காரரின் சுற்றத்தாருடைய வசதியைப் பொறுத்தே சேர்கின்றது. வசதி குறைந்த குடும்பங்கள் குறைந்தபட்சத் தொகையைத் திரட்ட இயலாமல் விலக நேர்கின்றது.

* இடத்துக்கான கட்டணம், பயண ஏற்பாடு, விளம்பரம் ஆகியவற்றுக்குச் செலவாகும் பங்கு போக எஞ்சியதே ஆய்வுக்குச் செல்கின்றது. இப்பங்கு அமைப்புக்கு அமைப்பு வேறுபடும்.

* இரக்கத்தைத் தூண்டும் விளம்பரங்கள் டவுன் நோய்த்தொகை உள்ளவர்களைத் துயரத்தின் உருவமாகக் காட்டுகின்றன என்று அவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் குறை கூறுகின்றனர். "குணப்படுத்துதல்" என்ற சொல்லையே சிலர் ஏற்பதில்லை. கூடுதல் நிறப்புரி தம் இயல்பின் ஒரு பகுதி எனவும், இதய நோய், மறதி நோய் போன்ற உடனிருக்கும் நோய்களுக்கே சிகிச்சை தேவை எனவும் அவர்கள் கருதுகின்றனர்.

* தாயின் குருதியில் இருந்தே கருவின் நிறப்புரிகளைச் சோதிக்கும் முறை 2011 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர், ஆய்வு நிதி பிறப்பைத் தவிர்ப்பதற்குப் பயன்படுகின்றதா, பிறந்தவரின் வாழ்வை மேம்படுத்துவதற்குப் பயன்படுகின்றதா என்ற வினா வலுப்பெற்றது. இதனால் நன்கொடையாளர் பலர் நல்கைப் பட்டியலை வெளியிடும் அமைப்புகளையே நாடுகின்றனர்.

* ஒரே நாளில் நடைபெறும் பெருநிகழ்வைச் சார்ந்திருப்பது இடர் மிக்கது. கொரோனா பெருந்தொற்றால் 2020 ஏப்ரலில் நடைபெற வேண்டிய இலண்டன் மாரத்தான் தள்ளிவைக்கப்பட்டபோது தொண்டு நிறுவனங்கள் பெரும் வருவாயை இழந்தன. அதற்கு ஈடாக ஏப்ரல் 26 ஆம் நாள் தொடங்கப்பட்ட "2.6 அறைகூவல்" 1.1 கோடி பவுண்டுகளுக்கு மேல் திரட்டிய போதிலும், முந்தைய ஆண்டு மாரத்தானில் திரண்ட 6.64 கோடி பவுண்டுகளுடன் ஒப்பிட இது சிறிய தொகையே ஆகும்.

முக்கியத்துவம்

மாரத்தான் நிதி திரட்டல் அரசு நிதிக்கு மாற்றாக அமைவதில்லை. அரசு நிதி சென்றடையாத இடத்தில் ஆய்வைத் தொடங்கி வைப்பதும், அந்நிதி வந்தடையும் வரை ஆய்வாளர்களை அத்துறையில் நிலைநிறுத்துவதும் இதன் பயன்களாகும். ஆய்வு எந்த நோக்கத்துக்காக என்பதைத் தீர்மானிப்பதில் டவுன் நோய்த்தொகை உள்ளவர்களின் குரலும் இன்று இடம்பெறத் தொடங்கியுள்ளது. மருந்துச் சோதனைகளில் தன்னார்வலர்களாகவும், நாடாளுமன்றத்தில் சான்றளிப்போராகவும், மாரத்தான் தொடக்கக் கோட்டில் எண் அட்டை அணிந்த ஓட்டக்காரர்களாகவும் அவர்கள் இம்முயற்சியில் பங்கேற்கின்றனர்.